டவரில் வந்து உட்கார்ந்த பைரி

நவம்பர் 17, திங்கள்

மழை விட்டது. கண் கிளினிக்கில் கூட்டம் தாங்கவில்லை, பாதிப் பேருக்கு மெட்ராஸ் ஐ. கை கழுவிக் கழுவி விரலெல்லாம் ஊறிப்போய்க் கிடக்கிறது.

மதியம் மாலா வந்தாள், கண்ணாடி மாற்ற. நான்தான் அவளுக்குச் சோதித்தேன். பவர் கால் புள்ளி கூடியிருக்கிறது. எழுத்தெல்லாம் படித்து முடித்த பிறகு கேட்டாள்: "அண்ணன் எப்டி இருக்காரு? ரெண்டு வருசம் ஆவப் போவுது. ஒரு தடவகூட வூட்டாண்ட வந்து பாக்கலியே."

என்ன சொல்வது? முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தபோது அதில் இருந்தவர்கள் இரண்டு பேர், என் வீட்டுக்காரரும் அவள் புருஷன் கன்னியப்பனும். நீந்தி வந்தது இவர் மட்டும். அன்றிலிருந்து இவர் கடலில் கால் நனைக்கவில்லை. குருசுக்குப்பத்தில் வீடு, தெருவைத் தாண்டினால் கடல். இவர் மாடிக்குத்தான் ஏறுகிறார். விடிந்தால் புறா, அடைந்தால் புறா. இதை அவளிடம் எப்படிச் சொல்ல?

"நல்லா இருக்காரு" என்றேன்.

மாலா வந்ததை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

நவம்பர் 21

இன்று மாடியில் நடந்ததை நான் பார்த்தேனா இல்லையா என்றே தெரியவில்லை.

காலை வெயில் நன்றாக இருந்தது என்று புறாக்களைத் திறந்துவிட்டார். அவை மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தன. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கோணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்தால் வானத்தில் ஒரு கைப்பிடி இறகு. அவ்வளவுதான். இறகு மட்டும் நின்ற இடத்தில் நின்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. புறாக்கள் தாறுமாறாகச் சிதறின. ஒன்று குறைந்தது.

"பருந்து" என்றார்.

பருந்தை எனக்குத் தெரியாதா? மீன் ஏலத்துக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்குமே. நிதானமாக இறங்கும், குடலைத் தூக்கிக்கொண்டு போகும். இது அப்படி இல்லை. ஒரு கோடு மாதிரி. மேலேயிருந்து கீழே யாரோ கிழித்த மாதிரி.

அவர் மாலைவரை ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு மாடியிலேயே நின்றார். சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கி வரவில்லை.

நவம்பர் 24, திங்கள்

எங்கள் கிளினிக் மூன்றாம் மாடி. நோயாளிகள் எழுத்து படிக்கிற அறை ஜன்னலுக்கு நேராகப் பக்கத்துக் கட்டடத்தின் செல்போன் டவர். அதன் நடுத்தட்டில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. காக்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. முதுகு மழைமேக நிறம், மார்பு வெளுப்பு, அதில் குறுக்குக் கோடுகள். கன்னத்தில் இரண்டு பக்கமும் மீசை மாதிரி கறுப்பு. காலுக்குக் கீழே ஒரு மாடப்புறா. நிதானமாக இறகைப் பிய்த்துப் பிய்த்துக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா, "கீழ் வரி தெரியலம்மா" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். எனக்குக் காதில் விழவில்லை.

நவம்பர் 25

இன்றும் இருந்தது. அதே தட்டு.

டிசம்பர் 2

கூட வேலை பார்க்கிற சத்யப்பிரியாவிடம் காட்டினேன். அந்தப் பெண் உடனே போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, இது பருந்தே இல்லக்கா. வல்லூறு. பைரின்னும் சொல்றாங்க. வடக்க ரொம்ப தூரத்துல இருந்து குளிருக்கு இங்க வருதாம். ஒலகத்துலயே வேகமான பறவ இதுதானாம்!"

மதிய இடைவேளை முழுக்க இரண்டு பேரும் அதைத்தான் படித்தோம். மிக உயரத்துக்குப் போய், இறக்கையை மடக்கித் தன்னை ஒரு துளி மாதிரி ஆக்கிக்கொண்டு விழுமாம். மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் மூக்கில் அடிக்கிற காற்றை உடைக்கத் துளைக்குள் ஒரு சின்ன முளை இருக்கிறது என்கிறார்கள். காலைக் குறுக்கி ஓங்கி அடிக்கும். இரை சாகாவிட்டால் கழுத்தெலும்பைக் கடித்து முறிக்க அலகின் ஓரத்தில் பல் மாதிரி ஒரு வெட்டு.

எனக்குக் கண்ணைப் பற்றிப் படித்ததுதான் போகவேயில்லை. நம் கண்ணில் கூர்மையாகப் பார்க்கிற இடம் ஒன்றே ஒன்று. அதற்கு ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு. மேல் இமை, கீழ் இமை போக மூன்றாவதாக ஒன்று பக்கவாட்டில் வந்து, விழுகிற வேகத்திலும் கண்ணைத் துடைத்துவிட்டுப் போகுமாம். பதினைந்து வருடமாகக் கண்ணோடு வேலை செய்கிறேன். இப்படி ஒன்று ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்திருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் அவர் கூண்டுக்கு மேலே வலை கட்டிக்கொண்டிருந்தார். சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

டிசம்பர் 6, சனி

பார்த்துவிட்டேன். முழுசாக.

டவரை விட்டு எழும்பிக் கடல் பக்கம் போனது. பார்த்துக்கொண்டே இருந்தேன், புள்ளியாகி மறைந்தது. என் பார்வை ஆறுக்கு ஆறு, குறையே இல்லை; எனக்கே தெரியவில்லை. மாதா கோயில் பக்கமிருந்து மாடப்புறாக் கூட்டம் ஒன்று எழுந்தது. அப்போது மேலே அந்தப் புள்ளி மறுபடி — முதலில் சும்மா சாய்ந்த மாதிரி. அப்புறம் விழுந்தது. நேராகக்கூட இல்லை, லேசாக வளைந்து. கூட்டத்துக்குள் புகுந்து கீழ்ப்பக்கமாக வெளியே வந்து மேலே திரும்பியபோது காலில் ஒன்று இருந்தது.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அப்பாடி!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

எதற்கு அப்பாடி? செத்தது புறா. இதே மாதிரிதானே அன்றைக்கு எங்கள் வீட்டுப் புறாவும் செத்தது? அப்போது எனக்குப் பாவமாக இருந்தது. இன்றைக்குக் கைதட்டாத குறை. நான் எந்தப் பக்கம்?

டிசம்பர் 9

"நீ வெளியில போய் வர்ற. எங்கியாவது ஒசரமா உக்காந்திருக்குதா பாரு. உக்கார்ற எடம் தெரிஞ்சா போதும், மத்தத நான் பாத்துக்குவேன்" என்றார்.

இரண்டு வருடத்தில் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"நான் எங்க வானத்தப் பாக்கறேன், எனக்கு வேல சரியா இருக்குது" என்றேன்.

பொய். ஏன் சொன்னேன்? அவருக்கு இருக்கிறது அந்தப் புறாக்கள் மட்டும்தான். படகு கவிழ்ந்த பிறகு ஆறு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்த மனுஷன். புறா வளர்க்கிற அவர் சிநேகிதன் அன்பழகன் ஒரு ஜோடிப் புறாவைக் கொண்டுவந்து கொடுத்த அன்றுதான் எழுந்து உட்கார்ந்தார். அதுகூட எனக்கு மறந்துபோகுமா?

டிசம்பர் 12

காலையில் சீக்கிரமே கிளினிக்குக் கிளம்புகிறேன். வேலை அதிகம் என்று சொல்லிக்கொள்கிறேன். யாரிடம்?

டிசம்பர் 19, வெள்ளி

வெள்ளச்சியைத் தூக்கிவிட்டது.

அவர் தோளில் வந்து உட்காருமே, அது. அன்பழகன் கொடுத்த ஜோடியில் பெண். நான் வேலையில் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது அவர் மாடியில் தரையில் உட்கார்ந்திருந்தார், மடியில் நாலைந்து இறகு. "என் கண்ணு முன்னாடி, கண்ணகி. கண்ணு முன்னாடி. நான் பாத்துட்டேதான் இருந்தேன். ஒண்ணும் பண்ண முடியல" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

எனக்குப் புரிந்தது, இது புறாவைப் பற்றி மட்டும் இல்லை.

ஐயோ நான் சொல்லியிருந்தா? அந்த டவர்ல இருக்குதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா? என்ன பொம்பள நான்? கட்டினவன் இப்டி ஒடஞ்சு கெடக்கறான், நான் ஜன்னல்ல நின்னு அதோட றெக்கையப் பாத்துட்டு இருக்கேன்.

டிசம்பர் 20

அன்பழகன் வந்திருந்தான். அவன் புறாக்களிலும் இரண்டு போய்விட்டதாம். ஒரு யோசனை சொன்னான். நொண்டிப் புறா ஒன்றின் முதுகில் துணிச்சட்டை மாதிரி மாட்டி, அதன் மேலெல்லாம் தங்கூசியில் சின்னச் சின்னச் சுருக்கு. மீன் தூண்டில் நைலான் நரம்புதானே, மேலே இருந்து வருகிறதுக்குத் தெரியாது. அடிக்கிற அடியில் விரல் சுருக்கில் மாட்டும். கீழே ஈயக் குண்டு தொங்கும், தூக்கிக்கொண்டு போக முடியாது.

"புடிச்சதும் றெக்கைய ஒடிச்சு நாய்க்குப் போட்டுடலாம் அண்ணி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் டீ எடுக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

டிசம்பர் 22, திங்கள்

இதை எழுதியே ஆக வேண்டும்.

அந்தச் சட்டையைத் தைத்தது நான்.

அவர் சாயங்காலம் தங்கூசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முன்பெல்லாம் வாய் பேசிக்கொண்டே கை தன்னால் முடிச்சுப் போடும். இப்போது கை நடுங்குகிறது. இரண்டு முடிச்சு போட்டு, அவிழ்ந்துபோய், மறுபடி போட்டு... பிறகு என் பக்கம் தள்ளினார். "உனக்குக் கை நெதானமா இருக்கும். கண்ணாடித் திருகெல்லாம் முடுக்கற கை. போட்டுக் குடேன்."

என்னிடம் கேட்டார். ரொம்ப நாளைக்கு அப்புறம் என்னிடம் ஒன்று கேட்டார்.

போட்டுக் கொடுத்தேன். துணியை அளந்து வெட்டி, ஓரம் அடித்து, சுருக்கு ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து. தளர்வாகப் போட்டிருக்கலாம், அவருக்குத் தெரிந்திருக்காது. போடவில்லை. நல்ல இறுக்கமாக, நுணுக்கமாக, அழகாகப் போட்டேன். அவர் வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்து, "சூப்பரா இருக்குது" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

காலையில் ஜன்னலில் நின்று அதைப் பார்த்தேன். சாயங்காலம் அதன் விரலுக்குச் சுருக்குப் போட்டேன். இரண்டையும் செய்தது இதே கைதானா?

டிசம்பர் 23

காற்று அதிகம். விடவில்லை. நல்லது என்று நினைத்தேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன்.

டிசம்பர் 25, வியாழன்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

கிளினிக் லீவு. அன்பழகன் காலையிலேயே வந்துவிட்டான். புறாவுக்குச் சட்டையை மாட்டினார்கள். நான் கீழேயே இருந்திருக்கலாம். ஏறிப் போனேன்.

நொண்டிப் புறா மேலே போகத் தெரியாமல் தாழ்வாகத் தடுமாறிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. "வராது" என்று அன்பழகன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம். கோணி கிழிகிற சத்தம். இந்தத் தடவை இறகு பறக்கவில்லை, இரண்டும் சேர்ந்து சுழன்று விழுந்தன. கூரை உயரத்தில் பைரி இறக்கையை விரித்துச் சமாளித்துக்கொண்டது. காலோடு ஒட்டிக்கொண்ட புறாவையும் ஈயத்தையும் தூக்க மாட்டாமல் அடித்து அடித்துக் கடல் பக்கம் போனது. கரையில் கொட்டியிருக்கிற கருங்கல்லைத் தாண்டியது. அலையைத் தாண்டியது. தண்ணீரில் விழுந்தது.

"முடிஞ்சுது கதை!" என்று அன்பழகன் கத்தினான்.

அவர் படியிறங்கி ஓடினார். வேடிக்கை பார்க்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நானும் பின்னாடியே ஓடினேன். தெருவைத் தாண்டி வந்தால் கல்மேல் நின்று சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். நான் கூப்பிடுவதற்குள் குதித்துவிட்டார்.

கடலுக்குள்ள. அவரு. கடலுக்குள்ள.

"பைரி போனாப் போவுது, நீங்க வாங்க! வந்துடுங்க!" என்று கத்தினேன். தலை தெரிந்தது, அலை வந்தது, தலை தெரியவில்லை. எவ்வளவு நேரமோ. மாலா அன்றைக்குத் துறைமுகத்தில் இப்படித்தான் நின்றாள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்று என் கையைப் பிடிக்க ஆளில்லை. அன்பழகன் மாடியிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்துகொண்டிருந்தான்.

மறுபடி தலை தெரிந்தபோது ஒரு கையால் நீந்திக்கொண்டிருந்தார். இன்னொரு கை தண்ணீருக்கு மேலே.

கல்லில் ஏறும்போது முழங்கால் கிழிந்தது. புறா செத்திருந்தது. பைரி நனைந்த துணி மாதிரி தொங்கியது, ஆனால் கண் திறந்திருந்தது. அவ்வளவு கிட்டத்தில் அந்தக் கண். கறுப்பு, சுற்றிலும் மஞ்சள் வளையம். ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய திரை வந்து மூடிவிட்டுப் போனது. மூன்றாவது இமை.

"குடுங்கண்ணே" என்று அன்பழகன் கை நீட்டினான்.

"தண்ணில கெடந்தத இழுத்தாந்திருக்கேன். உன் கையில குடுக்கவா இழுத்தாந்தேன்?" என்றார்.

"அண்ணே, உங்க வெள்ளச்சியத் தின்னதுண்ணே அது!"

"தெரியும். போ வூட்டுக்கு."

அன்பழகன் என்னைப் பார்த்தான். என்னிடம் பதில் இருக்கிற மாதிரி.

வீட்டில் அவர் அதைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டார், நான் கத்தரியால் ஒவ்வொரு சுருக்காக வெட்டினேன். நான் போட்ட முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. இடது கால் விரல் ஒன்று வீங்கி இருந்தது. வெட்டி முடிக்கிற நேரம் அது காலால் அவர் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்தது. நகம் இறங்கி ரத்தம் வந்தது. அவர் உதறவில்லை. தானாக விடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டிசம்பர் 26

ராத்திரி முழுக்க மிக்சி வந்த அட்டைப்பெட்டிக்குள், சமையலறையில். சத்யப்பிரியாவிடம் போனில் கேட்டிருந்தேன். "இருட்டா வைங்க, தொந்தரவு பண்ணாதீங்க. ஆனா இதப் புடிச்சா கேஸ்க்கா, காட்டிலாகாவுக்குச் சொல்லிடுங்க" என்றாள். சொல்லப் பயமாக இருந்தது. சுருக்கு என்னுடையதாயிற்றே.

விடிந்ததும் பெட்டிக்குள் உதைக்கிற சத்தம். மாடிக்குக் கொண்டுபோய்த் திறந்தார். கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து ஒரு தடவை உடம்பை உலுக்கியது. கூண்டைப் பார்த்தது. உள்ளே புறாக்கள் மூச்சுவிடவில்லை. பிறகு சரிந்து, தெரு உயரத்தில் பறந்து, திரும்பி, போயே போய்விட்டது.

அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நேத்து கல்லு மேல நின்னு பைரின்னு கத்தின. நாங்க யாரும் அந்தப் பேரச் சொல்லலியே. பருந்துன்னுதான சொல்றோம்."

நான் காலிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"எங்க உக்காருதுன்னு உனக்குத் தெரியும்."

"ம்."

"எவ்ளோ நாளா?"

"மழ விட்டதுல இருந்து."

திட்டுவார் என்று காத்திருந்தேன். புறாவுக்குக் கம்புத் தீனி எடுக்கப் போய்விட்டார். கோபமா? இல்லையா? இந்த மனுஷன் முகத்தில் எனக்கு ஒரு வரிகூடப் படிக்கத் தெரியவில்லை.

டிசம்பர் 31

டவர் காலி. அந்த விரலோடு அதனால் அடிக்க முடியுமா? அடிக்க முடியாவிட்டால் எப்படிச் சாப்பிடும்? ஐந்து நாளாக இதே யோசனை. புறா வளர்க்கிறவன் பெண்டாட்டி யோசிக்கிற யோசனையா இது.

ஜனவரி 9

"எதுக்கு குதிச்சீங்க?" என்று கேட்டேன்.

"புறா இருந்துச்சே அதுல."

"நொண்டிப் புறா. சாவறதுக்குன்னே விட்டது."

யோசித்தார். "தெரியல கண்ணகி. கை அடிச்சிக்கினு இருந்துச்சு தண்ணில."

றெக்கை என்று சொல்ல வந்து கை என்று சொன்னாரா? நான் திருத்தவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

அவர் மாலா வீட்டுக்குப் போய்வந்தாராம். மாலாதான் போன் பண்ணிச் சொன்னாள். "வந்தாரு, உக்காந்தாரு, ஒண்ணும் பேசல. தண்ணி குடிச்சாரு. போவும்போது அழுதாரு" என்றாள். அவளும் அழுதாள்.

அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 4, புதன்

வந்துவிட்டது! டவரில், அதே தட்டில். இடது காலை வயிற்றுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு. வலது காலுக்குக் கீழே ஒரு மைனா. அப்படியானால் அடிக்க முடிகிறது.

சத்யப்பிரியா, "அதே பறவதான்னு எப்டிக்கா சொல்றீங்க?" என்று கேட்டாள். சொல்ல முடியாதுதான். வேறு ஒன்றாகக்கூட இருக்கலாம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

எங்கள் கண் முன்னாலேயே ஒன்றை எடுத்தது. கறுப்புவால் புறா, நல்ல பறப்பு. நான் அவரைப் பார்த்தேன். விசிலடித்து மீதியை இறக்கினார், கூண்டில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டார்.

"இன்னா வேகம்" என்றார்.

அவ்வளவுதான். கண் கலங்கியிருந்தது. உதட்டில் சிரிப்பு மாதிரியும் ஏதோ இருந்தது. எது எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரியுமா?

மார்ச் 6

மாசி மகம் முடிந்து ஊரே ஓய்ந்து கிடக்கிறது. வைத்திக்குப்பம் கரையில் சுப்பிரமணியன் படகுக்கு ஆள் குறைகிறது என்று பேச்சு. இவர் காதிலும் விழுந்தது.

மார்ச் 19, வியாழன்

விடிவதற்கு முன்னால் கதவு சாத்துகிற சத்தம். எழுந்து பார்த்தபோது பாய் காலி. மாடியிலும் இல்லை. புறாக்களுக்கு நான்தான் கம்பு போட்டேன்.

கிளினிக்கில் ஒரு நோயாளியின் இடது கண்ணுக்கு வலது கண் பவரை எழுதிவிட்டேன். நல்லவேளை, சத்யப்பிரியா பார்த்துவிட்டாள். டவரை இன்று பார்த்தேனா என்றே நினைவில்லை.

மதியம் தாண்டி வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகம் கறுத்துச் சிவந்திருந்தது. தரையில் ஒரு பையில் காரப்பொடி மீன், நாலு சங்கரா.

"எப்டி இருந்துச்சு?" என்றேன்.

"அலை கம்மி" என்றார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

குளிக்காமலே தூங்கிவிட்டார். பாயெல்லாம் உப்பு. உதறாமல் பக்கத்தில் படுத்தேன்.